அளந்து சாப்பிட்ட விடுமுறை

ஆண்டுக் கடைசி விடுமுறையில் உடம்பைக் குறைக்கப் போகிறேன் என்று சொல்கிறவனை யாரும் நம்புவதில்லை. நம்பவும் கூடாது. பார்க்கிறவர்கள் எல்லாம் கேக்கும் பிஸ்கட்டுமாகக் கையை நீட்டும் நாட்கள் அவை. வாயைக் கட்ட வேண்டுமென்றால் வேறு மாதம் பார்த்துக்கொள்ள வேண்டியதுதானே?

ஆனால் இந்த லிஃப்ட் மெக்கானிக்குக்குக் காத்திருக்க நேரமில்லை. அவன் அழகுக்காக இளைக்கவில்லை. கீழ் வீட்டில் இருக்கும் அக்காவுக்கு ஒரு சிறுநீரகம் கொடுக்க வேண்டும். ரத்தம் பொருந்தி, மற்ற எல்லாம் பொருந்தி, கடைசியில் டாக்டரின் கண் அவன் வயிற்றில் வந்து நின்றது. "இந்த எடையில உங்க மேல கத்தி வைக்க மாட்டேன். இன்னும் மூணு கிலோ குறைங்க. விடுமுறை முடிஞ்சதும் வாங்க, குறைஞ்சிருந்தா அன்னிக்கே தேதி கொடுக்கறேன். இல்லேன்னா எப்போன்னு சொல்ல முடியாது" என்றார். டயாலிசிஸ் ஊசி குத்திக் குத்தி அக்காவின் கை நரம்பு ஓய்ந்துகொண்டிருந்தது. அதையும் அவரேதான் சொன்னார்.

குடும்பத்தில் அவனுக்குத் தடியன் என்று பெயர். அந்தப் பெயரை வைத்தது அத்தான். அத்தான் பஸ் டிரைவர். வண்டி ஓட்டாத நேரத்தில் ஆளை ஓட்டுவார். "இவன் ரிப்பேர் பண்ணப் போனா லிஃப்டே பயந்துபோய் படிக்கட்டைக் காட்டுதாம்" என்பார். அப்படிப்பட்டவரே இந்த விடுமுறையில் வாயை அடக்கிக்கொண்டு, தடியன் வந்தால் பிஸ்கட் டப்பாவை நாற்காலிக்கு அடியில் தள்ளினார்.

சமையல் பொறுப்பை அக்கா எடுத்துக்கொண்டாள். "உன் பெண்டாட்டிக்கு மருந்துக்கடையில லீவே கிடையாது. உன் பத்தியச் சாப்பாட்டை நான் பாத்துக்கறேன்" என்றாள். தண்ணீரைக்கூட அளந்து குடிக்க வேண்டியவள், தாகம் எடுத்தால் ஒரு ஐஸ்கட்டியை வாயில் அடக்கிக்கொள்கிறவள், தனக்காக அடுப்படியில் நிற்கிறாளே என்று அவனுக்கு நெஞ்சு கரைந்துவிட்டது. எண்ணெய் இல்லாத காய்கறி சூப், எண்ணெய் காட்டாத முட்டைப் பொரியல், காய்ந்த ரொட்டி. வாயில் போடும் ஒவ்வொன்றையும் ஃபோனில் இருந்த கலோரிக் கணக்கில் ஏற்றினான். அது தினமும் பச்சை டிக் போட்டு 'அருமை' என்றது.

எடை மெஷின் மட்டும் அருமை என்று சொல்லவில்லை. ஒரு வாரம் ஆகியும் முள் இறங்கவில்லை. கொஞ்சம் ஏறியும் இருந்தது.

அவன் முதலில் மெஷினைத்தான் சந்தேகப்பட்டான். லிஃப்ட் எவ்வளவு தாங்கும் என்று சோதிக்க இரும்பு எடைக்கட்டைகள் வைத்திருப்பார்கள். அதில் ஒன்றைத் தூக்கி வந்து மெஷின்மேல் வைத்தான். முள் சரியாக வந்து நின்றது.

"மெஷின் பொய் சொல்லலை. நீங்க சொல்லுங்க" என்றாள் மனைவி. "வேலைக்குப் போற இடத்துல என்ன சாப்பிட்டீங்க?"

"சத்தியமா ஒண்ணும் இல்ல."

"சரி" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அந்த 'சரி' அவனைச் சுட்டது. ஊரெல்லாம் விடுமுறையில் இருந்தாலும் லிஃப்டுகள் மக்கர் பண்ணாமல் இருப்பதில்லை. போன இடமெல்லாம் தட்டில் கேக் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தவனுக்குத் திருட்டுப் பட்டம்! அதைவிட, அக்காவின் முகத்தில் எப்படி விழிப்பது என்ற பயம். இவ்வளவு நாள் தின்று கொழுத்ததற்கு இப்போது தண்டனை அவளுக்கா?

மறுநாள் அக்கா டயாலிசிஸ் முடித்து வந்து அசந்து படுத்திருந்தாள். அவனுக்கான சூப் மூடி வைத்திருந்தது. குடித்து முடித்து, வழக்கமாகப் போட்டுவிட்டுப் போகிற கிண்ணத்தை அன்று அவனே கழுவினான். கிண்ணம் கையில் நிற்காமல் வழுக்கியது. எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் பிசுக்குப் போகவில்லை. வேறு எது தெரியாவிட்டாலும் பிசுக்கு அவனுக்குத் தெரியும், காலை முதல் மாலை வரை கிரீஸில் கை விட்டிருக்கிறவன். விரலை முகர்ந்து பார்த்தான். பிறகு ஃபிரிட்ஜைத் திறந்தான். உள்ளே ஒரு பெரிய வெண்ணெய் டப்பா இருந்தது. அக்காவுக்கு வெண்ணெய் ஆகாது, அத்தானுக்குக் கொலஸ்ட்ரால். ஆனாலும் டப்பா அடிவரை வழிக்கப்பட்டிருந்தது.

அடுத்த நாள் மத்தியானம் சொல்லாமல் கொள்ளாமல் சீக்கிரமே கீழே இறங்கினான். அடுப்பில் சூப் கொதித்தது. அக்கா கையில் புது டப்பா, கரண்டி நிறைய வெண்ணெய்.

"என்னக்கா இது?"

அக்கா மறைக்கவில்லை. "வெண்ணெய்."

"தெரியுது. எனக்கா?"

"வேற யாருக்கு?"

"எத்தனை நாளா?"

"முதல் நாள்லேர்ந்து. சூப்புல, முட்டையில, ரொட்டி மாவுல. வாசனை தெரியக்கூடாதுன்னு மிளகைக் கொஞ்சம் தூக்கலாப் போட்டேன்."

அவனுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. "ஒரு துண்டு கேக்கைத் தொடாம நாக்கைக் கட்டிட்டு அலையறேன். வீட்டுல என்னை நம்ப மாட்டேங்கறா. உனக்கு விளையாட்டா இருக்கா?"

"கத்தாதடா. ரெண்டு பிள்ளை வச்சிருக்க. லிஃப்டு குழிக்குள்ள இறங்கி ஏறி வேலை பாக்கறவன். நாளைக்கு உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா உன் பெண்டாட்டி முகத்தை நான் எப்படிப் பாப்பேன்? நான் வேணாம்னா நீ கேக்க மாட்ட. டாக்டர் வேணாம்னா கேப்ப. அதான்."

"டாக்டர் கேட்டப்ப நீ தலையாட்டினியே."

"சுத்தி எல்லாரும் நின்னுட்டிருந்தீங்க. வேற என்ன செய்யச் சொல்ற?"

அவன் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். கோபம் போன இடம் தெரியவில்லை. அன்று சாப்பாட்டு மேசையில் "நான் கொடுக்கறேன், பேச்சு முடிஞ்சது" என்று அவன் அறிவித்தது நினைவுக்கு வந்தது. எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள், அத்தான் கட்டிப்பிடித்தார். அக்கா மட்டும் எதையோ எடுக்கப் போவதுபோல அடுக்களைக்குள் போய்விட்டாள். பெருமையில் அவன் அதைக் கவனிக்கவே இல்லை. டாக்டரைக் கேட்டான், மனைவியைக் கேட்டான். வாங்கிக்கொள்ள வேண்டியவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"சரி. இப்ப இங்க யாரும் இல்ல" என்றான். "நான் கேக்கறேன். கொடுத்தா வாங்கிப்பியா? வேணாம்னா வேணாம்னு சொல்லு. நான் இப்பவே மேல போயி ஒரு முழு கேக்கைத் தின்னுட்டுப் படுத்துடறேன்."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அடுப்பைச் சின்னதாக்கினாள். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

"வேணும்டா" என்றாள். "ஒரு சொம்புத் தண்ணியை ஒரே மூச்சுல குடிக்கணும். எனக்கு வேற ஒரு ஆசையும் இல்ல. வேணும்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. உன் உடம்பை அறுத்துக் கொடுன்னு எந்த அக்காடா வாயைத் திறந்து கேப்பா?"

"கேக்க வேணாம். சூப்புல கை வைக்காம இரு, போதும்."

பிறகு அவன் ஃபோனை எடுத்தான். "ஒரு வேளைக்கு எத்தனை கரண்டி போட்ட? சொல்லு, ஏத்தணும்."

அவள் ஒளிக்காமல் சொன்னாள். பச்சையாக இருந்த நாட்கள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகச் சிவந்தன.

"அடிப்பாவி, என்னை வறுத்தே எடுத்திருக்க!"

அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். எட்டிப் பார்த்து, "பாதி லீவு இன்னும் பாக்கி இருக்குல்ல? குறைஞ்சுடுமா?" என்று கேட்டாள். அவள் அதைக் கேட்பது இதுதான் முதல் தடவை.

"குறைச்சுடலாம்."

அக்கா சூப் முழுவதையும் கொட்டிவிட்டு, புதிதாகக் கேரட் நறுக்க ஆரம்பித்தாள். அப்போது அத்தான் ஷிஃப்ட் முடிந்து உள்ளே வந்தார். அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் வெண்ணெய் டப்பாவை அவர் கையில் திணித்தாள்.

"இதை எங்கயாவது ஒளிச்சு வைங்க. வீட்டுல வேணாம். உங்க பஸ்ல கொண்டுபோயி வைங்க."

"ஏன், தடியன் திருடித் திங்கறானா?"

"அவன் இல்ல" என்றாள் அக்கா. "நான்தான். என் கை சும்மா இருக்காது."