கண்ணாடிச் சுவருக்குள் ஒரு மைக்

நான் பள்ளிக்கூடத்தை விட்டதற்கு ஒரே காரணம், வகுப்பின் முன்னால் நின்று பேசச் சொன்னதுதான். எனக்குப் பேச்சு வரவில்லை. பதினாறு முடிந்த கையோடு விலகி, பிளாக்ஹவுஸ் பே என்ற ஊரில் எங்கள் வீட்டுச் சோபாவில் முழுநேரமாகச் சேர்ந்துகொண்டேன்.

ஒரு பிரெஞ்சுக்காரரைச் சோபாவில் கிடந்தபடி போனில்தான் கண்டேன். பாரிஸ் மதுக்கடைகளில் பாடத் தொடங்கியவர், பிறகு வாயை மூடிக்கொண்டு மைம் என்ற ஊமை நடிப்புச் செய்தார், அதன் பிறகு சினிமாவுக்குப் போனார். பாட்டு எனக்குச் சரிவராது. ஆனால் வாயே திறக்காமல் பிழைக்கலாம் என்று இத்தனை நாளாக ஒருவரும் எனக்குச் சொல்லவில்லையே! இரண்டாம் படியிலிருந்தே தொடங்க முடிவெடுத்தேன்.

"கதைக்காமல் இருக்கிறதும் ஒரு தொழிலோ?" என்றார் அம்மா. "சரி, தமிழ்ச் சங்கத்துக் கலைவிழாவில செய்து காட்டு. ஒரு சொல்லும் கதைக்காமல் முடிச்சாயெண்டால் பள்ளிக்கூடத்தைப் பற்றி நான் மூச்சும் விடமாட்டன். கதைச்சாயெண்டால் திங்கட்கிழமை திரும்பப் போறாய்."

என்னால் தோற்கவே முடியாத பந்தயம் என்று நினைத்தேன்.

கொல்லையில் உடுப்புக் காயும் கொடிக்கு முன்னால் நின்று, இல்லாத கண்ணாடிச் சுவரைத் தடவித் தடவிப் பழகினேன். பக்கத்து வீட்டுப் பெண்மணி எனக்குச் சுகமில்லையா என்று அம்மாவிடம் விசாரித்தார்.

விழாவன்று முகமெல்லாம் பவுடர் அப்பிக்கொண்டு மேடையேறிச் சுவரைத் தொட்டேன். மண்டபம் அமைதியானது. எங்கள் சங்கத்தில் மேடையிலிருந்து சத்தம் வரவில்லையென்றால் அதற்கு ஒரே பொருள்தான்: மைக் பழுது.

சவுண்ட் பொறுப்பாளர் கேதீஸ்வரன் மாமா குனிந்தபடி ஓடிவந்து, என் சுவரை ஊடறுத்து, மைக்கை என் வாய்க்கு நேரே நட்டார்.

"ஹலோ, ஹலோ... இப்ப கதையம்மா."

நான் தலையாட்டி மறுத்தேன். அவர் மைக்கை மாற்றினார். சுவரைத் தட்டிக் காட்டினேன்.

"ஓம், ஓம், பயப்பிடாதை பிள்ளை."

"கேதீஸ், வயரைப் பாரப்பா!" என்றது பின்வரிசை. இன்னொருவர் பேட்டரியோடு ஏறினார். என் கண்ணாடி அறைக்குள் இப்போது மூன்று பேர்.

"மாமா, இது மைம்! கதைக்கிறேல்ல! என்ர சுவருக்குள்ள நிக்கிறியள், இறங்குங்கோ!"

மைக் மிக நன்றாக வேலை செய்தது. வெளியே சிற்றுண்டிக் கடையில் ரோல்ஸ் வாங்க நின்றவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். கேதீஸ்வரன் மாமா கட்டைவிரலை உயர்த்தினார். "சவுண்ட் ஓகே!" அன்றைய விழாவில் மிகப் பெரிய கைதட்டல் அதற்குத்தான்.

காரில் அம்மாவின் தோள்கள் சிரிப்பில் குலுங்கிக்கொண்டிருந்தன.

"அது கதைச்சதில்லையம்மா, கத்தினது."

"கடைசி வரிசைக்கும் கேட்டது. மண்டபம் நிறைஞ்ச சனத்துக்கு முன்னால கத்தினவளுக்கு ஒரு வகுப்பறை என்ன?"

வீடு சேருமுன்பே சங்கத்து வாட்ஸப்பில் வீடியோ வந்துவிட்டது. சினிமாவுக்குப் போகப் பிரெஞ்சுக்காரருக்கு எத்தனையோ வருடம் பிடித்தது. எனக்கு ஒரு மாலை போதும். படத்தில் நாயகன் மட்டும் கேதீஸ்வரன் மாமா.

பவுடரைக் கழுவிவிட்டு, பள்ளிச் சீருடையைத் தேடி எடுத்து அயர்ன் பண்ணினேன். கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருக்கிறது. சோபாவில் இருந்த பலன்.