மேட்டில் நின்ற பஸ்

வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்திருந்த இருபது வருஷமும் எங்களுக்கு ஓதப்பட்ட மந்திரம் ஒன்றுதான்: வாடிக்கையாளரிடம் முடியாது என்று சொல்லாதே. குனிந்து வணங்கு, சிரி, "பார்க்கிறேன்" என்று சொல். கிளையை மூடி எங்களை வீட்டுக்கு அனுப்பிய அன்றைக்கு மட்டும் மேலிடத்துக்கு அந்த 'முடியாது' சரளமாக வாயில் வந்தது.

நாற்பத்தேழு வயதில் பெரிய வண்டி உரிமம் எடுத்து, சியோலில் மெட்ரோ நிலையத்துக்கும் மேட்டுக் குடியிருப்புக்கும் நடுவே ஓடும் குட்டிப் பச்சை பஸ்ஸுக்கு வந்து சேர்ந்தேன். மூன்று மாதம் சோதனைக் காலம். நான் சொல்லப்போவது அதன் கடைசி நாள். அன்றைய ஷிப்ட் ஒழுங்காக முடிந்தால் மறுநாள் நிரந்தரம். இல்லாவிட்டால் மறுபடி வேலை தேடி கம்பெனி கம்பெனியாக அலைய வேண்டியதுதான். என் சம்பளத்தை விட்டால் என் வீட்டுக்கு வேறு வழி கிடையாது.

மத்தியானம் பெய்த பனி, பொழுது சாய்ந்ததும் சாலையில் இறுகிவிட்டது. மேட்டின் அடியில் நிறுத்தத்தில் வண்டியைப் போட்டுவிட்டு மேலே பார்த்தேன். தெருவிளக்கு வெளிச்சத்தில் சாலை பளபளத்தது. அந்தப் பளபளப்பு எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

வயர்லெஸ்ஸில் குக் கத்தினார். பஸ்களை அனுப்புகிற அதிகாரி அவர்தான். என் நிரந்தரம் அவர் கையில்தான் இருந்தது.

"பேங்க் அம்மா, என்ன அங்க டோக்கன் குடுத்துட்டு இருக்கீங்களா? பின்னாடி வண்டி வந்துருச்சு, ஏத்துங்க!"

"சார், ரோடு உறைஞ்சு போன மாதிரி இருக்கு..."

"தாக் இப்பதான் மேல போனார். அவர் போன ரோடுதானே? உங்களுக்குத் தனியா ரோடு போட்டுத் தரணுமா?"

தாக் எங்கள் டிப்போவின் நட்சத்திரம். ஒரு கையில் காபிக் கோப்பையோடு அந்த வளைவைத் திருப்புகிறவர். அவர் பெயரைச் சொன்னால் நான் எப்படி மறுப்பேன்? "பார்க்கிறேன் சார், மன்னிச்சுக்கோங்க" என்றேன். பழைய பழக்கம், நாக்கு தானாகப் புரண்டது. கியரைப் போட்டு ஏற்றினேன்.

பாதி மேடு வரை வண்டி முனகிக்கொண்டு ஏறியது. வளைவில் பின்சக்கரம் சும்மா சுற்றியது. ஒரு நொடி வண்டி அந்தரத்தில் நிற்பதுபோல் இருந்தது. பிறகு மெதுவாகப் பின்னால் போகத் தொடங்கியது. பிரேக்கை மிதித்தேன். சக்கரம் நின்றது, வண்டி நிற்கவில்லை. உள்ளே பயணிகள் அலறினார்கள். கண்ணாடியில் பார்த்தேன். கீழே முச்சந்தியில் மீன் வடை விற்கும் தள்ளுவண்டி, அதைச் சுற்றி ஆவி பறக்கும் கோப்பைகளோடு ஒரு கூட்டம். யாரும் மேலே பார்க்கவில்லை.

ஸ்டியரிங்கை ஒரேயடியாக ஒடித்தேன். முன்சக்கரம் நடைபாதை விளிம்பில் மோதி, தேய்ந்து, நின்றது. கைபிரேக்கைப் பற்களைக் கடித்துக்கொண்டு இழுத்தேன்.

"என்னம்மா ஓட்டுற நீ?" கோட்டு போட்ட ஒருவர் எழுந்து வந்தார். "கொஞ்சம் இறக்கி, வேகமா ஒரே அழுத்தா அழுத்தினா ஏறிடும். எனக்கு வீட்டுக்குப் போகணும்."

வண்டி வழுக்கி நின்றதைச் சொன்னதும் வயர்லெஸ்ஸிலும் அதே பாட்டுதான். "இறக்கி, வேகம் எடுத்து ஏத்துங்க. சோதனைக் காலம் இன்னிக்கு முடியுது, ஞாபகம் இருக்கில்ல?"

ஞாபகம் இல்லாமலா? நாக்கில் 'பார்க்கிறேன்' வந்து நின்றது. கண்ணாடியில் மறுபடி அந்தக் கோப்பைகளைப் பார்த்தேன்.

"ஏத்த மாட்டேன்" என்றேன்.

குரல் கீச்சென்று வந்தது. ஆனால் வந்துவிட்டது.

"என்ன சொன்னீங்க?"

"ஏத்த மாட்டேன் சார். இறக்கவும் மாட்டேன். எல்லாரையும் இங்கயே இறக்கி விடறேன்."

"அப்ப நாளைக்கு வராதீங்க!"

"அது நாளைக்கு."

முன்கதவைத் திறந்தேன். "ஒவ்வொருத்தரா இறங்குங்க. நடைபாதைக் கம்பியைப் பிடிச்சு மேல நடங்க. வண்டிக்குப் பின்னாடி யாரும் போகக் கூடாது." மன்னிப்பும் கேட்கவில்லை, குனியவும் இல்லை. கோட்டுக்காரர் புகார் கொடுப்பேன் என்று முறைத்தார். டோஃபு பையோடு நின்ற அம்மாள் ஒருத்தி அவரைத் தள்ளிக்கொண்டே இறங்கினாள். "கால் இருக்கில்ல தம்பி, நடப்பா. உருண்டு போய்ச் சேர்றதுக்கு இது மேல்." இறங்கிய இரண்டு பேர் தெருவோர மஞ்சள் பெட்டியிலிருந்து உறைபனியைக் கரைக்கும் உப்பு மூட்டையை எடுத்து வந்து சக்கரத்தடியில் கொட்டினார்கள்.

பஸ் காலியானது. பிரேக்கிலிருந்து காலை எடுக்கத் தைரியமில்லாமல் உட்கார்ந்திருந்தேன். வேலை போயிற்று என்பது அப்போதுதான் உறைத்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

மேலேயிருந்து யாரோ கம்பியைப் பிடித்துப் பிடித்து இறங்கி வந்தார்கள். தாக். போச்சு, எல்லார் முன்னாலும் வண்டியை அவரே எடுத்து ஏற்றிக் காட்டப்போகிறார் என்று நினைத்தேன். பஸ்ஸுக்குள் ஏறியவர் முதல் இருக்கையில் பொத்தென்று உட்கார்ந்தார். ஸ்டியரிங் பக்கம் திரும்பவே இல்லை.

"எங்கண்ணே உங்க வண்டி?"

"மேலதான். சக்கரத்துக்குக் கல்லு வெச்சுட்டு வந்தேன்." அவர் என்னைப் பார்க்கவில்லை. "ஏறும்போதே ரெண்டு தடவை வழுக்கிருச்சு. கடவுள் புண்ணியம். இறங்கச் சொல்லி குக் கத்திக்கிட்டே இருக்கான். பயணிங்க ஏறிட்டு இருக்காங்கன்னு பொய் சொல்லிட்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு ஆள் கூட ஏறல."

"முடியாதுன்னு சொல்லியிருக்கலாமேண்ணே?"

"இத்தனை வருஷ சர்வீஸ் ஆளு, பயமா இருக்குன்னு எப்படிம்மா சொல்றது? நீ வயர்லெஸ்ல சொன்னதைக் கேட்டுட்டுதான் இறங்கி வந்தேன்." மைக்கை எடுத்து என்னிடமே நீட்டினார். "என் வண்டிக்கும் நீயே சொல்லிடு. எனக்கு இன்னும் வாய் வரல."

வாங்கினேன். "குக் சார், மேல நிக்கிற தாக் அண்ணன் வண்டியும் இறங்காது. உப்பு வண்டி வர்ற வரைக்கும் ரூட்டை மூடுங்க."

வயர்லெஸ்ஸில் கொரகொரவென்று சத்தம் மட்டும். பிறகு வேறொரு டிரைவர் குரல்: "நானும் கீழ நிறுத்திட்டேன். ஏத்தல." இன்னொன்று: "நானும்தான். இருட்டினப்பவே சொல்லணும்னு நெனைச்சேன்." மூன்றாவதாக ஒருவர் தொண்டையைச் செருமினார்.

சந்தோஷம் வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது கோபம். மூன்று மாதமாக, இந்த டிப்போவில் கால் நடுங்குவது எனக்கு மட்டும்தான் என்று நம்பி, கழிவறையில் போய் அழுதுவிட்டு முகம் கழுவி வந்து வண்டி எடுத்திருக்கிறேன். இவ்வளவு நாளும் இவர்கள் எல்லாரும் வாயில் என்ன வைத்திருந்தார்கள்?

மைக்கை மறுபடி அழுத்தி, அதையேதான் கேட்டேன்.