கெஞ்சிக் கேட்கிற சொல்

பதினொன்று பத்துக்கு இடைவேளை மணி அடித்தது. வில்லியனூரில் ஒரு தனியார் பள்ளி. ஆசிரியர் அறைக்கு டீ வந்திருந்தது. ஆண்டுவிழா ஆங்கில நாடகத்தின் தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்த கணக்கு வாத்தியார் முத்துக்குமரன் நிமிர்ந்தார்.

"பக்கத்துக்குப் பக்கம் பிரிதீ, பிரிதீன்னு வருதே. இன்னா சார் அது, ஜுர மாத்திரையா?"

அரிகரன் சிரித்தான். ஆங்கிலம் அவன் பாடம்.

"பழைய காலத்து மரியாதைச் சொல்லு சார். 'ஐ ப்ரே தீ'. வாயில தேஞ்சு தேஞ்சு பிரிதீ ஆயிடுச்சி. உன்னக் கெஞ்சிக் கேக்கறேன்னு அர்த்தம். அந்த ப்ரேவே பிரெஞ்சுலேருந்து போனது."

"அதுவும் பிரெஞ்சுக்காரன் ஆண்ட நம்மூரு சரக்குதானா."

"தீன்னா நீ. கூட்டாளியயும் சொல்லலாம், வேலைக்காரனயும் சொல்லலாம். நீன்னு கூப்புடற ஆளுகிட்டயே கெஞ்சிக் கேட்டுட்டுதான் வேல சொல்லியிருக்காங்க. அதான் சார் மரியாதை."

"நல்லாருக்கு சார்" என்றாள் எதிரில் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்த ஜோஸ்பின். ஜூனில் சேர்ந்தவள், அவளுக்கும் ஆங்கிலம்தான். உறுவையாற்றில் அரிகரன் வீட்டுக் கரும்புக்கொல்லையில் வேலை பார்க்கும் சவரிமுத்துவின் மகள். இருவருக்கும் அது தெரியும். இங்கே அதைப் பேசுவதில்லை. இங்கே அவள் மிஸ், நீங்க.

அரிகரனின் போன் அடித்தது. எடுத்தான்.

"இன்னாடா சவரி? கரண்ட் வந்துடுச்சா? போன தடவ மாதிரி தண்ணிய ரோட்டுக்கு வுட்டுட்டு நிக்காத. மொதல்ல மடையக் கட்றா."

"கட்டிட்டன் சின்னய்யா" என்ற குரல் அறை முழுக்கக் கேட்டது.

சவரிமுத்துவுக்கு எழுபது நெருங்குகிறது. அப்பா கூப்பிடுவதைப் பார்த்து, பேச்சு வந்த நாளிலிருந்து அரிகரனும் அப்படித்தான் கூப்பிடுகிறான். இதுவரை அதை அவன் காதால் கேட்டதில்லை. இப்போது கேட்டான்.

முத்துக்குமரன் டீக்குள் பார்த்தார். ஜோஸ்பினின் சிவப்புப் பேனா ஒரே இடத்தில் நின்றது.

"எங்கப்பாவா சார்?"

"ஆமா மிஸ்."

"போன எங்கிட்ட குடுத்திருந்தா, மாத்திர போட்டாரான்னு கேட்டிருப்பேன்."

அவ்வளவுதான் சொன்னாள். அடுத்த நோட்டை எடுத்தாள். அரிகரனுக்குக் காது மடல் சுட்டது. அடுத்த வகுப்பில் பலகையைப் பார்த்தபடியே பாடம் நடத்தினான்.

சாயங்காலம் நேராகக் கொல்லைக்கு வண்டியை விட்டான். ரயில்வே கேட்டில் நிற்கையில் ஹெல்மெட்டுக்குள் சொல்லிப் பார்த்தான். வாங்க. உக்காருங்க. நாக்கு ஒவ்வொரு முறையும் 'ங்க'வுக்கு முன்னால் நின்றது.

சவரிமுத்து கரும்புக்குள் முழங்கால் சேற்றில் நின்று காய்ந்த சோகை உரித்துக்கொண்டிருந்தார். அரிகரன் வரப்பில் நின்றான்.

"கொஞ்சம் மேல வாங்க."

கிழவர் திரும்பித் தனக்குப் பின்னால் பார்த்தார். யாருமில்லை.

"உங்களத்தான். வந்து உக்காருங்க. மாத்திர போட்டீங்களா?"

சவரிமுத்து வரப்பேறினார். உட்காரவில்லை. தலைத்துண்டை அவிழ்த்து அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

"நான் இன்னா தப்பு பண்ணன் சின்னய்யா? வேலய வுட்டு நிறுத்தறதா இருந்தா, எப்பவும் போல டேய்னு கூப்புட்டே சொல்லக்கூடாதா?"