உதயாவைத் தவிட்டுக்குக் கொடுத்த கதை

ஆரணி கொசப்பாளையத்தில் பட்டு நெய்யும் பன்னீர்செல்வத்தின் மகள் உதயா, தன்னை யாராவது சொந்தம் கொண்டாடினால் அந்த இடத்தில் இருக்கமாட்டாள். பெற்றவர்கள் சொந்தம் கொண்டாடினால் எதிர்வீட்டுக் கன்னியம்மாவின் கூடத்தில் இருப்பாள். கன்னியம்மா கொண்டாடினால் பெற்றவர்கள் வீட்டுக் கூடத்தில் இருப்பாள். நடுவில் தெருவைக் கடந்ததைப் பார்த்தவர்கள் கிடையாது. தெருக்காரர்கள் ஒரு மாதம் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள், அப்புறம் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

இத்தனைக்கும் காரணம் ஒரு பசுமாடு. பன்னீர்செல்வத்தின் மனைவி குணசுந்தரிக்கு முதலில் பிறந்த இரண்டும் தங்கவில்லை. மூன்றாவதாக உதயா பிறந்ததும், பிள்ளை தங்காத வீடுகளில் செய்கிற வழக்கப்படி, குழந்தையை முறத்தில் கிடத்தி எதிர்வீட்டுக் கன்னியம்மாவுக்கு ஒரு படி தவிட்டுக்கு விற்றார்கள். கன்னியம்மா தெருவிலுள்ள தறிகளுக்கெல்லாம் நூல் சுற்றிக் கொடுப்பவள், பிள்ளை இல்லாதவள். விற்றுவிட்ட பிள்ளையை எமன் பெற்றவர் வீட்டில் வந்து தேடமாட்டான் என்பது நம்பிக்கை. மூன்றாம் நாள் அதே தவிட்டைத் திருப்பிக் கொடுத்துக் குழந்தையை வாங்கிக்கொள்ள வேண்டும். பன்னீர்செல்வமோ இரண்டு நாளாகச் சரியான தூக்கமில்லாமல் நெய்துகொண்டிருந்தார். காலையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்தவர், மூலையிலிருந்த தவிட்டை எடுத்துத் தண்ணீரில் கரைத்து மாட்டுக்கு வைத்துவிட்டார். மாடு தலையைத் தூக்காமல் குடித்து முடித்தது. "எல்லாத் தவிடும் ஒண்ணுதான், வுடுங்க" என்று சொல்லி, ரைஸ்மில்லிலிருந்து வேறு தவிடு வாங்கிவந்து அளந்தார்கள். கன்னியம்மாவும் சிரித்துக்கொண்டே முந்தானையை ஏந்தி வாங்கிக்கொண்டாள். மனிதர்கள் எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். ஒத்துக்கொள்ளாதது எது என்று இன்றுவரை தெரியவில்லை.

குழந்தைக்கு ஆறு மாதம் இருக்கும்போது ஒருநாள் பால் கொடுத்துக்கொண்டே குணசுந்தரி, "நீ எனக்குத்தாண்டி, எனக்கு மட்டுந்தான்" என்று கொஞ்சினாள். மடி காலியாக இருந்தது. அலறிக்கொண்டு வெளியே ஓடினால், எதிர்வீட்டில் நூல் சுற்றும் ராட்டைக்குப் பக்கத்தில், உதட்டில் பால் காயாமல் உதயா உட்கார்ந்திருந்தாள். கன்னியம்மா பதறி வாரியணைத்து, "எங்கேர்ந்துடி வந்த, எங்கண்ணே, எம்பொண்ணே" என்றாள். அவள் கைகளும் காலியாயின. அன்றைக்கு மட்டும் குழந்தை ஏழுமுறை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வந்தது. எட்டாவது முறை இரண்டு பெண்களும் வாயை மூடிக்கொண்டு தெருவில் உட்கார்ந்து அழுதார்கள். குழந்தை இருந்த இடத்திலேயே தூங்கிப்போனது.

அதற்கப்புறம் பழகிக்கொண்டார்கள். எந்த வீட்டில் பசித்ததோ அந்த வீட்டில் சாப்பிட்டு, எந்த வீட்டில் கண் சொக்கியதோ அந்த வீட்டில் படுத்து உதயா வளர்ந்தாள். மூன்றாம் வகுப்பில் ரேங்க் கார்டில் பெற்றோர் என்ற இடத்தில் பன்னீர்செல்வம் கையெழுத்துப் போட்டதும் வகுப்பில் அவள் பெஞ்சு காலியானது. டீச்சருக்கு ஆஜர் போடுவதா வேண்டாமா என்பது மட்டுமே குழப்பமாக இருந்தது. எட்டாவது படிக்கும்போது டெங்கு வந்து வேலூர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, "எம்புள்ளய வுட்டுடு தாயே" என்று குணசுந்தரி தன்னை மறந்து கும்பிட்டுவிட்டாள். அடுத்த நிமிஷம் பிள்ளை கையில் ஊசியோடு ஆரணியில் கன்னியம்மா வீட்டில் கிடந்தது. கன்னியம்மா ஆட்டோ பிடித்துத் திரும்பக் கொண்டுவந்து சேர்த்தாள். நர்ஸ் குணசுந்தரியையும் கன்னியம்மாவையும் பிடித்துத் திட்டிய திட்டை உதயா மறக்கவில்லை. தானும் நர்ஸ் ஆவதென்று அப்போதே முடிவு செய்துவிட்டாள்.

ஊரில் மற்றவர்கள் இதைப் பற்றி நிறையவே பேசினார்கள். கோயில் மண்டபத்தில் ஒருவர், பிள்ளைகள் நம்மிடம் வந்து தங்கிப்போகிற விருந்தாளிகள் என்று இரண்டு மணி நேரம் பிரசங்கம் செய்தார். குணசுந்தரி பாதியில் எழுந்து வந்துவிட்டாள். விருந்தாளிக்கு யாராவது பேன் பார்ப்பார்களா, பரீட்சைக்கு முந்தின நாள் கூடவே கண்விழிப்பார்களா? அந்த மனிதரின் பிள்ளைகள் வைத்த இடத்தில் இருக்கிறவர்கள் போலிருக்கிறது. அவளுக்கு இருந்தது ஒரே ஆசைதான்: ஒருமுறை, கல்யாண வீட்டில் புடவையைத் தடவிப் பார்த்துக்கொண்டே மற்ற பெண்கள் சர்வசாதாரணமாகச் சொல்வதுபோல, இவள் என் பொண்ணு என்று சொல்லவேண்டும். சொல்லி முடிக்கும்போது பக்கத்தில் அவள் நின்றுகொண்டிருக்கவும் வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக குணசுந்தரி அந்த ஆசையை அடக்கிக்கொண்டே வந்தாள்.

இருபத்திரண்டாவது வயதில் உதயாவுக்குக் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை கிடைத்தது. திங்கட்கிழமைக்குள் சேரவேண்டும். பன்னீர்செல்வத்துக்குப் பிடிக்கவில்லை. "ஏன், வேலூர்ல ஆஸ்பத்திரி இல்லியா? அவ்ளோ தூரம் போயி இன்னாத்துக்கு?" என்றார். உதயா துணிகளை மடித்துப் பையில் வைத்தாள். வியாழக்கிழமை பஸ் ஏறினாள். பஸ் போளூரைத் தாண்டும் நேரத்தில் பன்னீர்செல்வம் தறியில் உட்கார்ந்தபடி, தெருவுக்கே கேட்கிறமாதிரி, "அவ எம்பொண்ணு, நா சொன்னாத்தான் போவணும்" என்று கத்தினார். உதயா ஒற்றைச் செருப்போடு கன்னியம்மாவின் கூடத்தில் இருந்தாள். பை மட்டும் திருவண்ணாமலை வரை போய், கண்டக்டர் புண்ணியத்தில் சாயங்காலம் திரும்பி வந்தது.

வெள்ளிக்கிழமை மறுபடியும் கிளம்பினாள், மறுபடியும் போளூரைத் தாண்டவில்லை. கன்னியம்மாவின் கூடத்திலிருந்து நேராகத் தறிக்கு முன்னால் வந்து நின்றாள். "நீ சொல்றது பொய்னு நா சொல்லலப்பா. உன் பொண்ணுதான். அதுக்குன்னு இப்டி கயிறு கட்டி இழுத்துகினே இருப்பியா?" என்று கேட்டு அழுதாள். பன்னீர்செல்வம் நிமிர்ந்து பார்த்தார். இந்தமுறை சொந்தம் கொண்டாடியது அவர் இல்லை. குணசுந்தரிதான் சமையற்கட்டில் தனியாக, மகள் சாப்பிட்டு வைத்த தட்டைக் கழுவிக்கொண்டே, தன்னையறியாமல் எம்பொண்ணு என்று முணுமுணுத்துவிட்டிருந்தாள். கதவருகில் நின்ற மனைவியின் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துபோனது. "தப்புதாம்மா, இனிமே சொல்லமாட்டேன்" என்று மகளிடம் சொல்லிவிட்டு மறுபடியும் நெய்ய ஆரம்பித்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர்மேல் வைத்திருந்த அன்பெல்லாம் அந்த ஒரு நிமிஷத்துக்கு முன்னால் கொஞ்சம்தான் என்று குணசுந்தரிக்குத் தோன்றியது. அன்றைக்கு அவளால் சாப்பிட முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நான்கு பேருமாக பஸ் ஸ்டாண்டுக்குப் போனார்கள். உதயா ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்தாள். பக்கத்து சீட்டில் பெரணமல்லூர்க்கார அம்மாள் ஒருத்தி, மடியில் பூக்கூடையோடு, பேச்சுத்துணைக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தாள். கீழே நின்ற குணசுந்தரியைப் பார்த்து, "உங்க பொண்ணுங்களா? மூக்கும் முழியும் அப்டியே இருக்குது" என்றாள். பன்னீர்செல்வம் தரையைப் பார்த்தார். கன்னியம்மா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். உதயா ஜன்னல் கம்பியை இறுகப் பிடித்தாள்.

ஆமாம் என்று சொன்னால் போதும், பெண் மறுபடியும் கன்னியம்மாவின் கூடத்துக்கு வந்துவிடுவாள். திங்கட்கிழமை தாண்டிவிடும். குணசுந்தரி மகளுடைய கையைப் பார்த்தாள், கம்பியைப் பிடித்ததில் விரல்கள் வெளுத்திருந்தன.

"இல்லீங்க," என்றாள். "நாந்தான் அவளுக்குச் சொந்தம். நா அவளோட அம்மா."

அந்த அம்மாளுக்கு இதில் வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை, "அதாங்க நானும் கேட்டேன்" என்று சொல்லிக் கூடையைச் சரிசெய்துகொண்டாள். பஸ் நகர்ந்தது. உதயா உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள். போளூரில் இருந்து போன் செய்தாள், சேலத்தில் இருந்து செய்தாள், கோயம்புத்தூரில் இறங்கியும் செய்தாள். மூன்றுமுறையும் குணசுந்தரிதான் போனை எடுத்தாள்.

ஐந்து மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை, கோயம்புத்தூர் ஹாஸ்டல் அறையில் உதயா தன்னுடன் தங்கியிருக்கும் நிலாவிடம் போனில் ஒரு போட்டோவைக் காட்டி, "இதுதான் எங்கம்மா" என்றாள். ஆரணியில் சாம்பாரைக் கிளறிக்கொண்டிருந்த குணசுந்தரி, பஸ் ஸ்டாண்டில் தன் வாயால் சொன்னபடியே, கரண்டியோடு அந்த அறையின் நடுவில் நின்றாள். நிலா எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டாள். அம்மாவும் பெண்ணும் அன்றைக்கு முழுதும் பேசித் தீர்த்தார்கள், மறுநாள் குணசுந்தரி பஸ் ஏறி ஆரணிக்கு வந்துசேர்ந்தாள். இப்போது மாதத்தில் இரண்டுமுறையாவது இப்படி நடக்கிறது. எந்த நேரத்தில் அழைப்பு வருமோ என்று குணசுந்தரி வீட்டிலேயே நல்ல புடவையாகக் கட்டிக்கொள்கிறாள். சமையற்கட்டில் திடீரென்று சத்தம் நின்றுவிட்டால் பன்னீர்செல்வம் எழுந்துபோய் அடுப்பை அணைக்கிறார். கன்னியம்மா அவருக்கும் சேர்த்து ஒரு கை அரிசி கூடப் போடுகிறாள்.