திருச்சுழி லைன்

அருப்புக்கோட்டை நூற்பாலையின் கம்ப்யூட்டர் பிரிவில் ஷெரின் சேர்ந்து ஆறு வருடமாகியிருந்தது. மெயின்ஃப்ரேம் என்ற பெரிய கம்ப்யூட்டர் அங்கே இருந்தது. காரியாபட்டியிலும் திருச்சுழியிலும் இருந்த பருத்திக் கிடங்குகளில் தலா ஒரு டெர்மினல், அதாவது திரையும் விசைப்பலகையும்; டெலிபோன் லைன் வழியாக இணைப்பு. தாமதம் லைனிலா, மெஷினிலா, ஆளிடமா என்று பிரித்துக் காட்ட ஒரு மென்பொருள் இருந்தது. அதைத் தயாரித்த கம்பெனி 1993இல், இனி அது கிடையாது, பழுது பார்ப்பதும் கிடையாது என்று எழுதிவிட்டது.

புதியதை மேனேஜர் நவநீதகிருஷ்ணன் தேர்ந்தெடுத்தார். பழையதையும் புதியதையும் மூன்று மாதம் சேர்த்து ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றாள் ஷெரின். பத்து நாள்தான் கிடைத்தது. சரிபார்த்தாயிற்று என்று கையெழுத்துப் போட்டாள்.

முதல் அறிக்கையிலேயே திருச்சுழி ஆபரேட்டர் நல்லகண்ணு ரொம்ப மெதுவாக வேலை செய்கிறார் என்று வந்தது. அவர் போன் செய்தார்.

"மேடம், நான் பட்டனத் தட்டிட்டுச் சும்மா ஒக்காந்திருக்கேன். ஸ்கிரீனு வர மாட்டேங்குது."

"லைன் நல்லாருக்குன்னுதாண்ணே ரிப்போர்ட்டு சொல்லுது."

அவர் போனை வைத்தார். மூன்றாம் மாதம் அவரை வேலையைவிட்டு நிறுத்தினார்கள்.

அவர் இடத்துக்கு வந்தவரும் மெதுவாகத்தான் வேலை செய்கிறார் என்றது அடுத்த அறிக்கை. அப்போதுதான் ஷெரினுக்கு உறைத்தது. திருச்சுழிக்குப் பஸ் ஏறிப்போய், டெர்மினல் முன் உட்கார்ந்து தானே தட்டிப் பார்த்தாள். திரை வர நாற்பது விநாடி. மறுநாள் அறிக்கையில் அந்த நாற்பது விநாடியும் ஆபரேட்டர் தலையில் விழுந்திருந்தது.

"அடுத்த மாசம் சரி பண்ணிருவோம்," என்றார் நவநீதகிருஷ்ணன்.

"நல்லகண்ணு அண்ணன், சார்?"

"அவரத் திருப்பிக் கூப்புட்டா நம்ம தப்பு வெளிய வந்துரும். கையெழுத்து ஒங்களுது. யோசிச்சுக்கோங்க."

ஒரு வாரம் யோசித்தாள். அந்த ஒரு வாரத்துக்காகப் பிறகு வெகுகாலம் வெட்கப்பட்டாள்.

பிறகு நல்லகண்ணுவின் ஊரான பரளச்சிக்குப் போனாள். விறகைச் சுட்டுக் கரியாக்கும் கரிமூட்டத்தில் அவர் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னாள். அவர் கையைத் துடைக்கக்கூட இல்லை.

"எம்பொஞ்சாதியே நம்பிருச்சு மேடம், நான் ஆபீசுல தூங்கிருக்கேன்னு. இப்பச் சொல்லுதீகளே, எழுதித் தருவீகளா?"

அங்கேயே எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தாள்.

அவர் வழக்குப் போட்டார். பழைய மென்பொருளே இல்லாதபோது எதை வைத்து ஒப்பிடுவது என்று ஆலைத் தரப்பு கேட்டது. சரி என்று போட்ட அவள் கையெழுத்தையே எடுத்துக் காட்டினார்கள். சாட்சிக் கூண்டில் நின்று, "முழுசாப் பாக்காமப் போட்டுட்டேன்," என்று ஷெரின் சொன்னாள். அந்த மாதமே அவளுக்கு வேலை போயிற்று.

1996இல் நல்லகண்ணுமேல் தவறில்லை, அவரைத் திருச்சுழிக் கிடங்கிலேயே மறுபடி சேர்க்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. கிடங்கை அதற்கு முந்தைய வருடமே மூடியிருந்தார்கள்.

கோர்ட்டு வாசலில் ஷெரின் அவருக்காக நின்றாள். தீர்ப்பை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே வந்தவர் அவளைப் பார்த்தார். நிற்காமல் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்துவிட்டார்.