இடப்பக்கம் இழுத்த சங்கிலி

அன்று எங்கள் வீட்டில் இருந்தவர்கள் நான்கு பேர். ஜன்னலோர முக்காலியில் தச்சர் ஜெக்ஷென். தேநீர் கொதிக்கும் சமோவார் பக்கத்தில் என் மனைவி குமுஷாய். எத்தனை முறை கூப்பிட்டும் உள்ளே தள்ளி வராமல் வாசலை ஒட்டியே உட்கார்ந்திருந்தவள் தோக்தோசுனின் மனைவி பர்மெட். மேசையோரம் நான். என் முன்னால் தகரத் தட்டில் மோட்டார் ரம்பத்தின் பழைய பற்சங்கிலி ஒன்று.

பர்மெட் எங்கள் வாசல் மிதித்துப் பதினோரு வருடம். இப்போது அவள் மகனுக்குக் கல்யாணம். அவன் பிறந்தபோது நட்ட நெட்டிலிங்கங்களை வெட்டி, பனி விழுமுன் புது வீட்டுக்கு உத்தரம் ஏற்ற வேண்டும். தோக்தோசுன் ரஷ்யாவில் மரம் வெட்டுகிறான்.

"பெட்டியில இருக்கற சங்கிலிய உங்ககிட்ட குடுக்கச் சொன்னாரு அண்ணே. மாம்பெத் கை பட்டாத்தான் சரிவரும்னாரு."

"என் பேரச் சொன்னானா?"

"வேற யாரு பேரச் சொல்வாரு?"

குமுஷாய் கிண்ணத்தில் தேநீரை ஊற்றியபடி என்னைப் பார்த்தாள். நான் சங்கிலியைப் பார்த்தேன்.

வன அலுவலகத்தில் எனக்கும் தோக்தோசுனுக்கும் ஒரே ரம்பம். அவன் இடக்கைக்காரன். மதியம் ரொட்டியும் உலர்தயிர் உருண்டையும் தின்றதும், ஒரே மரக்கட்டையில் எதிரெதிரே உட்காருவோம். வலப்பக்கப் பற்கள் எனக்கு, இடப்பக்கப் பற்கள் அவனுக்கு. என் அரம் ஒருமுறை, அவன் அரம் ஒருமுறை. பிசின் வாசனையோடு அந்தச் சத்தம் இன்றும் காதில் இருக்கிறது. "உன் பல்லு கெழவன் பல்லுடா" என்பான். "உன்னுது குதிரப் பல்லு" என்பேன்.

ஒரு நாள் பெரிய ஊசியிலை மரத்தை அறுக்கும்போது ரம்பம் இடப்பக்கம் கோணிக்கொண்டு போனது. மரம் முறுக்கிக்கொண்டு லாயத்தின் மேல் சாய்ந்தது. உள்ளே இருந்த பெட்டைக் குதிரை செத்தது. விசாரணையில் கேட்டார்கள். "இடப்பக்கம் இழுத்தது, இடப்பல் அவன் தீட்டியது" என்றேன். அவனுக்கு வேலை போனது. அதே வாரம் வண்டியேறிவிட்டான்.

இப்போது ஜெக்ஷென் தன் அளவுகோலை எடுத்து ஒவ்வொரு பல்லாக வைத்துப் பார்த்தார்.

"இது அந்தச் சங்கிலிதான?"

"அதேதான். அதுக்கப்புறம் அவரு இதுல அரமே வைக்கல" என்றாள் பர்மெட்.

"இடப்பல்லு எல்லாம் ஒரே அளவு. வலப்பக்கம் பாரு மாம்பெத். ஒண்ணு நீளம், ஒண்ணு குட்டை. மூணு பல்லு முனை மழுங்கி நீலம் பாய்ஞ்சிருக்கு. இரும்பு கடிச்ச பல்லு." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "நல்ல பல்லு இருக்கற பக்கம்தான்யா ரம்பம் இழுக்கும். அன்னிக்கு விசாரணையில நீ சொன்னதுக்கு நானும் மண்டைய மண்டைய ஆட்டினேனே!"

எனக்கு மறந்துபோனது என்றுதான் இத்தனை வருடம் சொல்லிக்கொண்டேன். மரம் சாய்வதற்கு முந்தின நாள், இடையர்கள் குதிரை கட்ட மரத்தில் அடித்திருந்த ஆணி ஒன்றில் ரம்பம் உரசித் தீப்பொறி பறந்தது. தோக்தோசுன் அப்போது தண்ணீர் எடுக்கப் போயிருந்தான். அடிபட்ட பல்லின் காயம் போகும்வரை தேய்த்து, மற்றவை எல்லாவற்றையும் அதன் அளவுக்குக் குறைத்திருக்க வேண்டும். அதற்கு ஒரு மணி நேரமாகும். நான் மேலாக அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை.

"தப்பு என் பக்கம், பர்மெட்" என்றேன்.

அவள் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "பல்லப் பாத்தப்பவே அவருக்குத் தெரியும் அண்ணே. நீங்க சொல்லணும்னுதான் சங்கிலிய வெச்சிருந்தாரு."

நான் சங்கிலியை இடுக்கியில் மாட்டி, இருப்பதிலேயே குட்டையான பல்லைத் தேடி அதில் சுண்ணாம்புக் குறி வைத்தேன். எல்லாப் பற்களையும் அந்த அளவுக்குக் கொண்டுவந்தேன். இடப்பக்கம் வந்ததும் அரத்தை இடக்கைக்கு மாற்றினேன். சரியாக வரவில்லை, ஆனாலும் கையை மாற்றவில்லை. பொழுது சாயும்போது பர்மெட்டின் மகன் முதல் மரத்தை அறுத்தான். வெட்டு நூல் பிடித்த மாதிரி இறங்கியது.

போனில் சொன்னால் தோக்தோசுன் சிரித்து மழுப்பிவிடுவான். அதனால் எழுதினேன். ஆணி அடித்திருந்த இடம், தேதி, நான் சொன்ன பொய், ஒவ்வொரு பல்லின் அளவு. ஒரு பிரதி அவனுக்கு, ஒன்று வன அலுவலகத்துக்கு. இரண்டிலும் ஜெக்ஷென் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். அவன் பிரதியின் கடைசி வரி: "கல்யாணத்துக்கு வா. இடப்பல் உனக்காகக் காத்திருக்கிறது."

காலையில் தபால் நிலையத்தில் இரண்டு உறைகளையும் ஒட்டினேன். கவுண்டரில் இருந்த பெண் முத்திரை குத்தி ரஷ்யா போகும் பைக்குள் போட்டது ஒன்று. மற்றது உள்ளூர்ப் பைக்குள் விழுந்தது.