படங்கு பறந்த சனிக்கிழமை

நாலு கம்புகளும் ஒரே நேரத்தில் மணலை விட்டுக் கிளம்பின. நீலத் தார்ப்பாய்ப் படங்கு வயிறு புடைத்து, பெண்களின் தலைக்கு மேலால் எழும்பி, கீரிக் கடலின் மேல் தாழப் பறந்து தூரத்தில் போய் விழுந்தது. விழுந்த பிறகும் நிற்கவில்லை. காற்று அதைத் தள்ளிக்கொண்டே போனது.

"அக்கரை விடத்தல்தீவில ஆராவது எடுத்துக் கலியாணப் பந்தல் போடுவினம்," என்றாள் றஸ்னா.

ஒருவரும் சிரிக்கவில்லை.

தெருவோரத்தில் லேண்ட்மாஸ்டர் உழவுயந்திரப் பெட்டிக்குப் பக்கத்தில், கடலுக்கு முதுகைக் காட்டியபடி நிற்கவேண்டும் என்ற கட்டளையோடு நின்ற பைசர், "என்ன அங்க சத்தம்?" என்று கேட்டான்.

"ஒண்டுமில்லை. நீங்கள் திரும்பாதேங்கோ," என்றாள் அவன் மனைவி நுஸ்ரியா.

போன ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மறுநாள் இதே கரையில்தான் மகள் றினோஸா பந்தின் பின்னால் போய் ஆழத்தில் விழுந்தாள். நுஸ்ரியா இடுப்பளவு தண்ணீர்வரை ஓடினாள். அதற்குமேல் கால் நகரவில்லை. வலை தட்டிக்கொண்டு நின்ற யாரோ ஒருவர்தான் பாய்ந்து பிள்ளையைத் தூக்கினார். அன்றிலிருந்து றினோஸா கடல் பக்கம் போவதில்லை. வாப்பாவின் படகு கரைக்கு வந்தாலும் வீட்டு வாசலிலேயே நின்றுவிடுவாள். பிள்ளை பயத்தை வெளியில் காட்டினாள். தாய் காட்டவில்லை. ஆனால் தண்ணீருக்குள்ளிருந்து நீட்டிய அந்தச் சின்னக் கை, சோறு வடிக்கும்போதும் தொழுகைப் பாயை மடிக்கும்போதும் அவள் கண்முன்னே வந்தது.

கடற்தொழிலாளியின் மகள், கடற்தொழிலாளியின் மனைவி. நீந்தத் தெரியாது. எருக்கலம்பிட்டியில் அவளோடு பழகிய பெண்கள் ஒருவருக்கும் தெரியாது.

மாதர் சங்கத்தில் இதைச் சொன்னபோது, தலைவி நசீறா ராத்தா உடனே சால்வையை இழுத்துப் போட்டுக்கொண்டு பெண்களுக்கு நீச்சல் பழக்க உதவி கேட்டு, நுஸ்ரியாவோடு கந்தோர் கந்தோராக ஏறினார். பெரிய நிறுவனங்கள் எல்லாம் மரியாதையாக உட்காரக் கதிரை தந்தன. நீச்சல் வாழ்வாதாரத்தில் வருமா, சுகாதாரத்தில் வருமா என்று யோசித்தன. கடைசியில், தையல் மெஷின் வேண்டுமென்றால் தரலாம் என்றன.

"தையல் மெஷினைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு மிதக்கேலுமோ?" என்று நசீறா ராத்தா ஓரிடத்தில் கேட்டே விட்டார்.

அப்போதுதான் அந்தச் சிறுநிதியைப் பற்றித் தெரியவந்தது. மன்னார் டவுணில் சில கடைக்காரரும் ஆசிரியர்களும் மாதாமாதம் போட்டுச் சேர்ப்பது. ஒரு கிராமத்துக் கிணற்றுக்குக் கப்பி, இன்னொரு கிராமத்து வாசிகசாலைக்கு மின்விசிறி என்று, பெரிய இடங்கள் குனிந்து பார்க்காத வேலைகளுக்கு அது கொடுக்கும். அதைப் பொறுப்பாகப் பார்த்த கிறேஸ் ரீச்சர் நுஸ்ரியா சொன்னதை முழுதும் கேட்டுவிட்டு ஒரேயொரு கேள்வி கேட்டார்.

"பழக்கிறதுக்குப் பெம்பிளை ஒராள் இருக்கிறாவோ?"

இருந்தாள். பெருநிலத்து வயற்கிராமத்து நிருஷா, பிறந்ததிலிருந்து குளத்தில் விழுந்து எழும்பியவள். கடற்கரைக்காரிகளுக்கு வயல்காரி வந்து நீச்சல் பழக்குவதா என்று முதலில் எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் பெயரும் கொடுத்தார்கள்.

நிதி இரண்டு பாதியாக வரும் என்று பேச்சு. முதற்பாதி, ஆண்கள் கண்ணில் படாமல் கரையில் கட்டும் மறைப்புக்கு. இரண்டாம் பாதி நிருஷாவின் சம்பளத்துக்கும் மிதவைகளுக்கும். முதல் வகுப்பை ரீச்சர் நேரில் பார்த்த பிறகுதான் அது வரும். வகுப்பு நடக்காவிட்டால், வரிசையில் காத்திருக்கும் அடுத்த சங்கத்துக்குப் போய்விடும்.

மறைப்பு வாங்கப் போன இடத்தில், கடைக்காரர் காற்றுப் போகும் வலைத்துணியைத்தான் முதலில் எடுத்துப் போட்டார். நசீறா ராத்தா அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மறுபக்கத்தில் நின்ற கடைக்காரரின் மீசை தெரிந்தது. "இது வேணாம் தம்பி. ஊசிக்கண்ணளவும் தெரியப்படாது," என்று, இருந்ததிலேயே தடித்த படங்கைக் கேட்டு வாங்கினார். பெண்களின் காரியம் என்பதால் ஆண்கள் ஒருவரிடமும் யோசனை கேட்கவில்லை. காவல் நிற்க மட்டும் பைசரைக் கூட்டிவந்தார்கள்.

இப்போது தென்மேற்குச் சோளகக் காற்றின் காலம். கடல் அமைதி. தரைப்பக்கமிருந்து வீசும் காற்றுத்தான் கெட்டது.

கிறேஸ் ரீச்சர் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, சேலையைத் தூக்கிப் பிடித்தபடி மணலில் வந்தார்.

"மறைப்பு எங்க?"

நசீறா ராத்தா கடலைக் காட்டினார். தூரத்தில் ஒரு நீலப்புள்ளி இருந்தது.

"படங்கோ கட்டினனீங்கள்?" என்று பைசரின் குரல் கேட்டது. அவன் இன்னும் திரும்பவில்லை. "இந்தக் காத்துக்கு அது வள்ளத்துப் பாயெல்லோ. ஒரு சொல்லுக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பன்."

"கேக்கேல்லை. பேசாமல் நில்லுங்கோ," என்றார் நசீறா ராத்தா.

ரீச்சர் எல்லோர் முகத்தையும் பார்த்தார். "அப்ப இண்டைக்கு வகுப்பு இல்லையோ?"

கரையில் அங்கங்கே ஆண்கள் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தார்கள். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். றினோஸா லேண்ட்மாஸ்டர் பெட்டிக்குள், வாப்பா பார்த்த பக்கத்தையே பார்த்துக்கொண்டு இருந்தாள். நுஸ்ரியா அந்தச் சின்ன முதுகைப் பார்த்தாள்.

"இருக்கு ரீச்சர்," என்றாள். பிறகு பெண்களிடம் திரும்பினாள். "கலியாண வீட்டில மணப்பொம்பிளையைச் சுத்தி நிப்பமே. அப்பிடி நில்லுங்கோ. ஆள் மாறி ஆள் இறங்குவம். முதல்ல நான்."

"முப்பத்தாறு வயசுப் பொம்பிளை," என்றாள் றஸ்னா. இந்த முறை சிரித்தார்கள்.

முழங்கால் தண்ணீரில் பெண்கள் அரைவட்டமாக நின்று, சால்வைகளைக் கைக்குக் கை பிடித்து விரித்தார்கள். காற்றில் சால்வைகள் படபடத்தன. ஆனால் பிடித்திருந்த கைகள் விடவில்லை.

நிருஷா முதலில் முங்கி எழுந்தாள். எழுந்ததும் இருமினாள். "ஐயோ அக்கா, என்ன உப்பு. எங்கட குளத்துத் தண்ணியைக் குடிக்கவே குடிக்கலாம்."

"எங்கட கடலைக் குறை சொல்லாதேங்கோ," என்றாள் நுஸ்ரியா.

"சரி, சொல்லேல்லை. என்ர கையில தலையைப் போடுங்கோ. கழுத்தை இறுக்காதேங்கோ. வானத்தைப் பாருங்கோ."

நுஸ்ரியா சாய்ந்தாள். காது தண்ணீருக்குள் போனதும் கரையின் சத்தம் அறுந்தது. ஒரு கணம் உடம்பு இலேசாக மேலே வந்தது. அந்த இலேசுக்கே பயந்து காலைக் கீழே தேடினாள். கால் மணலில் ஊன்றவில்லை. நிருஷாவின் கை வழுக்கியது. தலை உள்ளே போனது.

"நுஸ்ரியா" என்று கத்திக்கொண்டு றஸ்னா சால்வையை விட்டுவிட்டு முன்னே பாய்ந்தாள். வட்டம் உடைந்தது.

அந்தக் குரலுக்குப் பெட்டிக்குள் இருந்த றினோஸா திரும்பிப் பார்த்தாள். கடலில் உம்மாவின் தலை இல்லை. எப்படி இறங்கினாள், எப்படி மணலைக் கடந்தாள் என்று ஒருவரும் பார்க்கவில்லை. உடைந்த இடத்துக்குள்ளால் புகுந்து, சட்டை நனைய, இடுப்பளவு தண்ணீரில் நின்று கையை நீட்டினாள்.

"உம்மா, பிடிங்கோ உம்மா."

நிருஷா தூக்கிவிட, நுஸ்ரியா தும்மலும் இருமலுமாக வெளியே வந்தாள். கண்ணில் உப்பு. முதலில் தெரிந்தது அந்தக் கைதான். அதைப் பிடித்தாள். பிடித்த பிறகுதான் அது எங்கே நிற்கிறது என்று உறைத்தது.

"மகள், நீங்கள் கடலுக்குள்ள நிக்கிறியள்," என்றாள் மெதுவாக.

றினோஸா கீழே குனிந்து பார்த்தாள். ஆனால் ஓடவில்லை. "நீங்கள் போயிட்டீங்கள் எண்டு நினைச்சன்."

"போகேல்லை. உங்களை விட்டிட்டு எங்க போறது?"

றஸ்னா விட்டுவந்த இடத்தில் இப்போது கிறேஸ் ரீச்சர் நின்றார். செருப்பு மணலில் கிடந்தது. சேலை முழங்கால்வரை நனைந்திருந்தது. றஸ்னாவின் சால்வையின் ஒரு தலைப்பு அவர் கையில்.

"ரீச்சர், சேலை நாசமாப் போச்சு," என்றார் நசீறா ராத்தா.

"போகட்டும். வகுப்பைப் பாக்கத்தானே வந்தனான். பாத்திட்டன். மற்றப் பாதி இந்தக் கிழமையே வரும்." சால்வைத் தலைப்பை இறுக்கிப் பிடித்தபடி, "ஆனால் படங்கு பறந்ததையும் நான் எழுதத்தான் வேணும்," என்றார்.

"அதை எழுதாமல் விடேலாதோ?"

"எழுதினால்தான் ராத்தா, பிறகு கேட்டு வாற சங்கம் படங்கு வாங்காது. வலைத்துணியை ரெண்டு மடிப்பாக் கட்டலாம், அந்தக் காசுக்கு நாங்கள் வேற வழி பாப்பம். அதுவரைக்கும் கை நோகாமல் நிக்க ஏலுமோ?"

"நிப்பம்," என்றார் நசீறா ராத்தா. "ஆனால் அடுத்தது நான். எனக்கும் ஆசை இருக்கு."

வட்டம் மீண்டும் மூடியது. நிருஷா றினோஸாவுக்கு முன்னால் குனிந்தாள். "தங்கச்சி, உங்கட உம்மாவை ஒருக்கா மிதக்கவிட்டுப் பாப்பமோ? நான் தலையைப் பிடிக்கிறன். நீங்கள் முதுகைப் பிடியுங்கோ."

றினோஸா யோசித்தாள். பிறகு இரண்டு உள்ளங்கைகளையும் தண்ணீருக்குள் விரித்து வைத்தாள். நுஸ்ரியா சாய்ந்தாள். கழுத்தை இறுக்கவில்லை. மேலே வெள்ளை வானம். முதுகுக்குக் கீழே பத்து விரல்கள்.

"உம்மா பாரமே இல்லை," என்றாள் பிள்ளை ஆச்சரியமாக.

"இனி மெல்லக் கையை எடுங்கோ தங்கச்சி. உம்மா தானா மிதப்பா."

"எடுக்கிறன்," என்றாள் றினோஸா. எடுக்கவில்லை. "இன்னும் கொஞ்ச நேரத்தால."